ரத்தினவேலுக்குக் கண்டப் பெயர்ச்சி

ரத்தினவேல் அண்ணனைப் பற்றி எழுதுவதானால் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், பேட்டர்ன் ஷாப்பில், ஐம்பத்து மூன்றாம் வருஷத்திலிருந்து அவருக்குப் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு தப்பான சொல்லை அவர் சும்மா விட்டு நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கான்டீன் பலகையில் ஒரு நாள் ‘சுடச்சுடத் தயிர்சாதம்’ என்று எழுதியிருந்தார்கள். எழுதியவனைத் தேடிப் பிடித்து அழிக்க வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். ஃபோர்மன் வந்து “கிட்டத்தட்ட சரியா மூணு அங்குலம் இருக்கட்டும்” என்றால், “கிட்டத்தட்டவா, சரியாவா? ஒண்ணு சொல்லுங்க” என்பார். ஃபோர்மனுக்கு மூக்கு சிவந்துவிடும். ஆனால் அண்ணனின் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியாது. அதனால் பொறுத்துக்கொண்டார்கள். நானும் பொறுத்துக்கொண்டேன், என்ன செய்வது.

பேட்டர்ன் ஷாப் என்பது, இரும்பில் வார்க்கப்போகிற உருவத்தை முதலில் மரத்தில் செய்கிற இடம். அந்த மரத்தை மண்ணில் பதித்து எடுத்தால் பள்ளம் கிடைக்கும். பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். சில சமயம், எந்தக் காலத்திலோ சீமையில் செய்த மெஷினின் பாகம் நாலைந்து துண்டாக உடைந்து வரும். வரைபடம் இருக்காது. துண்டுகளைச் சேர்த்து முழு உருவத்தைக் கண்டுபிடித்து மரத்தில் செய்ய வேண்டும். நான் ஓரத்தோடு ஓரம் வைத்துப் பொருத்திப் பார்ப்பேன். அண்ணன் ஓரத்தைப் பார்க்கவே மாட்டார்.

“ஓரம் தேஞ்சிருக்கும், எவனாவது அரம் போட்டு ராவியிருப்பான். அதை நம்பாத. உடைஞ்ச முகத்தைப் பாரு” என்பார்.

வார்க்கும்போது காற்று அடைபட்டு இரும்புக்குள் குமிழ் விழுவதுண்டு. உடைப்பு அந்தக் குமிழின் நடுவே போயிருந்தால், பாதிக் குழி ஒரு துண்டிலும் மீதிப் பாதி இன்னொரு துண்டிலும் இருக்கும். அந்த இரண்டு பாதியும் சேர்ந்தால், இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை. ஓரம் எப்படியிருந்தாலும் கவலையில்லை. இந்தப் பாதிக் குமிழ் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பிற்பாடு உலகத்தையே இப்படித்தான் பொருத்திப் பார்த்தார்.

அவருக்குச் சொந்த ஊர் அரியலூருக்குக் கிழக்கே ஒரு வறண்ட கிராமம். அங்கே கிணறு வெட்டினால் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, கல்லாய்ப்போன சங்கும் சிப்பியும் வரும். ஒரு ஓடைக்கரையில் பெரிய பெரிய கல் எலும்புகள் கிடந்தன. ஊரில் அவற்றின் மேல் அண்டா வைப்பார்கள், துணி அடிப்பார்கள். அண்ணன் சிறு வயதில் சர்வே அதிகாரிகள் கூடாரம் போட்டு அவற்றைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார். ஒர்க்‌ஷாப்புக்கு வந்து பல வருஷம் கழித்து அது நினைவுக்கு வந்து, ஒரு துண்டு வேண்டுமென்று அம்மாவுக்குக் கடுதாசி போட்டார். அந்த அம்மாள், மயிலம்மாள், அறுபது வயதில், மூன்று கிலோ கல்லைப் பழைய புடவையில் முறுக்கோடு சேர்த்து முடிந்து, ரயிலேறிப் பொன்மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

திருச்சியில் நிலவியல் படித்த ஒரு பேராசிரியரிடம் அண்ணன் அதைக் காட்டினார். டைனோசரின் வால் முதுகெலும்பு, ஆறேழு கோடி வருஷத்துக்கு முந்தையது என்றார் அவர். மடகாஸ்கரிலும் தென்னமெரிக்காவிலும் இதே சாயலில் எலும்பு கிடைத்திருக்கிறது என்றும் சொன்னார்.

அவ்வளவுதான், அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. யானையைப்போல எத்தனையோ மடங்கு கனமுள்ள ஜீவன். நீந்தியா போயிருக்கும்? நடுவில் நிலப்பாலம் இருந்து பிறகு மூழ்கிவிட்டது என்று ஒரு கட்சி. நிலமே ஒன்றாக இருந்து உடைந்து விலகிப் போனது என்று இன்னொரு கட்சி. அந்த நாளில் இரண்டாவது கட்சியைப் பெரிய பெரிய பண்டிதர்களே கேலி செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்தார். ஒரு நாள் என்னிடம் வந்து, “வீரமலை, எல்லாரும் ஓரத்தை வச்சுச் சண்டை போடுறாங்கடா. இந்த எலும்புதான் பாதிக் குமிழ். இங்க பாதி, மடகாஸ்கர்ல பாதி” என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த மனுஷன், கடல் தாண்டி வந்த நிலத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர், காவிரியைத் தாண்டிப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் அவருடைய மனைவி ராசாத்தி அண்ணி. அண்ணி கொள்ளிடக்கரைப் பெண். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, காத்தமுத்து. அவனுக்கு இருபத்து நாலு வயதில் தண்ணீரில் கண்டம், உயிருக்கு ஆபத்து, என்று ஊர் ஜோசியர் சொல்லியிருந்தார். அவன் சிரித்தான். ஐம்பத்து நாலு ஆடியில், அக்காளுக்குப் புடவை வாங்கிக்கொண்டு வெள்ளத்தில் பரிசலேறினான். பரிசல் கவிழ்ந்தது. உடல் மூன்றாம் நாள் கிடைத்தது, புடவை கிடைக்கவில்லை.

கருமாதி முடிந்த கையோடு அண்ணி அதே ஜோசியரிடம் புருஷனின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த மனுஷன் இவருக்கும் தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவிட்டார். எப்போது தீரும் என்று அண்ணி அழுதுகொண்டே கேட்டாள்.

“கண்டம் பெயர்ற காலம் ஒண்ணு வரும்மா. வந்தா தானாத் தெரியும்” என்றார்.

‘விலகுற காலம்’ என்று எல்லோரையும்போல் சொல்லியிருக்கலாம். பெயரும் என்று சொல்லித் தொலைத்தார். அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், திரும்பக் கேட்கவும் ஆளில்லை.

அன்று அண்ணி அண்ணனிடம் தன் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். கண்டம் பெயரும்வரை காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டக் கூடாது. அண்ணனுக்கு ஜோசியத்தில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கமும் கிடையாது. ஐம்பத்தாறு நவம்பரில் அரியலூர்ப் பக்கம் வெள்ளத்தில் ரயில் ஆற்றில் விழுந்தபோது பொன்மலைக் குவார்ட்டர்ஸே அழுதது. அதற்குப் பிறகு அண்ணியிடம் இந்தப் பேச்சை எடுக்க எனக்கும் துணிச்சல் வரவில்லை.

திருச்சிக்கும் அவர் ஊருக்கும் நடுவில் இரண்டு ஆறும் கிடக்கின்றன. ஆகவே அண்ணன் ஊருக்குப் போவது நின்றது. அம்மாதான் வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். அறுபத்திரண்டில் அந்த அம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதிலிருந்து படுக்கைதான். சின்ன மகன் வீட்டிலிருந்து மாதம் ஒரு கடுதாசி வரும். ‘அம்மா உங்களை ஒரு தரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுகிறது’ என்று கடைசி வரி எப்போதும் இருக்கும். அண்ணன் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வருவார். அன்றைக்கெல்லாம் யார் தப்பாகப் பேசினாலும் தாழ்ந்த குரலில்தான் திருத்துவார். நாங்கள் அதை வைத்தே கடுதாசி வந்த நாளைத் தெரிந்துகொள்வோம்.

எனக்கு அண்ணி மேல் கோபம் இருந்தது, அண்ணன் மேல் அதைவிட அதிகமாக இருந்தது. பெற்ற தாய் கிடையாகக் கிடக்கிறாள், இந்த ஆளுக்குச் சத்தியம் ஒரு கேடா என்று நினைப்பேன். ஆனால் அண்ணியும் கல்நெஞ்சக்காரி கிடையாது. ஊர்ப்பக்கம் யார் போனாலும் மாமியாருக்கு அதிரசமும் தைலமும் கொடுத்தனுப்புவாள். “நான் மட்டும் போயிட்டு வரட்டுமா தம்பி?” என்று என்னிடம் ஒரு தடவை கேட்டாள். அடுத்த நிமிஷமே, “அத்தை அவரை எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?” என்று அவளே அழுதாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன், தினம் சைக்கிளில் பாலம் கடந்து பொன்மலைக்கு வருகிறவன். கீழச்சித்திரை வீதிக்குப் பக்கத்தில் எங்கள் வாசகசாலை ஒன்று உண்டு, அதற்கு நான்தான் செயலாளர். மாதம் ஒரு ஞாயிறு மாலை யாராவது பேசுவார்கள். அறுபத்து நாலு ஆவணியில் பேச வேண்டியவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். அண்ணனைப் பேச வைத்தால் என்ன என்று தோன்றியது. வர மாட்டார் என்று தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

“தலைப்பு என்ன போடுவ?” என்றார். வருவதைப் பற்றிப் பேசவில்லை, சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஆள் விழுந்துவிட்டார். ‘நிலப்பரப்புகளின் மிதப்பு’ என்றேன். மரக்கட்டை மிதக்கிற மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றார். ‘கண்ட நகர்வு’ என்றேன். எறும்பு நகரும், கண்டம் நகராது என்றார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் உளியைக் கீழே வைத்துவிட்டு, “பெயர்ச்சி. வேரோட பேந்து இடம் மாறுது பாரு, அதான் சரி. கண்டப் பெயர்ச்சி” என்றார். ‘ராட்சத மிருகங்கள் வாழ்ந்த கதை’ என்று கீழே ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். “ராட்சதன்னா கெட்டவன். அது புல்லும் தழையும் தின்ன ஜீவன். அதுமேல ஏன்டா பழி போடுற?” என்றார். சரி, வேண்டாம் என்று அந்த வரியை எடுத்துவிட்டேன். அது இருந்திருந்தால் பிற்பாடு நடந்த எதுவுமே நடந்திருக்காது.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘கண்டப் பெயர்ச்சி’. அதன் கீழே, ‘திரு. மு. ரத்தினவேல், பொன்மலை’. தேதி, இடம். குருப்பெயர்ச்சி பலன்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த நேரம் அது. எனக்கு அது உறைக்கவே இல்லை. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, பாலத்துக்கு என்ன செய்வது என்று பேசலாமென அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி கதவைத் திறந்தாள். திறந்த கதவுக்கு அந்த டைனோசர் எலும்பைத்தான் முட்டுக் கொடுத்திருந்தாள். நோட்டீஸை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். “கண்...டப்... பெயர்ச்சி. ரத்தினவேல்.” மறுபடி ஒரு தடவை படித்தாள். பிறகு நோட்டீஸை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, பெயர்ந்துடுச்சா? உங்க கண்டம் பெயர்ந்துடுச்சாங்க? அச்சுலயே போட்டுட்டாங்களே!”

அண்ணன் வாயைத் திறந்தார். நான் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

“ஆமாம் அண்ணி. ஞாயித்துக்கெழம ஸ்ரீரங்கத்துல. நீங்களும் வாங்க” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அவள் முகத்தில் பத்து வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம். அவர் வாய் மூடிக்கொண்டது. அந்த ஒரே ஒரு தடவை இதுதான்.

பிற்பாடு நாலு நாளும் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “பொய்யில கூட்டிட்டுப் போறேன் அவளை” என்று மட்டும் ஒரு முறை சொன்னார். “அம்மாவைப் பாக்கணுமா வேண்டாமா?” என்று கேட்டேன். இழைப்புளியை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மெயின்கார்டு கேட்டில் பஸ் மாறினோம். அண்ணன் மடியில் எலும்பு. காலடியில் ஒரு சாக்குப் பை. காவிரியில் இரு கரையும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாலம் வந்ததும் அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கரை வந்து கண்டக்டர் ‘அம்மா மண்டபம்’ என்று கத்திய பிறகுதான் திறந்தாள். திறந்து, அண்ணன் முழுசாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வாசகசாலைக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தால் திருவிழா. அன்றைக்கு இருநூறு பேர் இருந்தார்கள். நான் மகிழ்ந்துபோய் மண்டபத்துக்குள் நுழைந்தேன். பாதிப்பேர் மடியில் மஞ்சள் தடவிய ஜாதகக் கட்டு இருந்தது. இவர்களும் அண்ணியைப்போலவே நோட்டீஸைப் படித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் மேடையேறி எலும்பை மேஜைமேல் வைத்தார். பேச ஆரம்பிக்குமுன் முதல் வரிசையிலிருந்து ரங்கநாயகி மாமி எழுந்தாள். உத்தர வீதி மாமி, யாருக்கும் பயப்படாதவள்.

“ஏம்பா, பெருமாளுக்குத் திருவாராதனத்தை முடிச்சுட்டு ஓடி வந்திருக்கேன். அடியேனுக்குத் துலா ராசி. கண்டம் எப்போ பெயர்றதுன்னு முதல்ல சொல்லிடும். அப்புறம் உம்ம கல்லை வச்சுண்டு என்ன வேணா பண்ணும்.”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் அண்ணி, கையைக் கூப்பிக்கொண்டு. நான் ஓரத்தில் நின்று, அண்ணே, ஏதாவது சமாளித்துவிடுங்கள், ஒரு வார்த்தை மழுப்பிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். இரண்டு பெயர்ச்சியையும் கலந்து பத்து நிமிஷம் பேசினால் யாருக்குத் தெரியப் போகிறது? அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமே.

அண்ணன் இரண்டு கையையும் எலும்பின் மேல் வைத்துக்கொண்டார்.

“மன்னிக்கணும் மாமி. நோட்டீஸ்ல இருக்கிற கண்டம் பூமியில இருக்கிற நிலம். ஆசியாக் கண்டம், ஆப்பிரிக்காக் கண்டம்னு சொல்றோம்ல, அது. ஜாதகக் கண்டத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.” பெண்கள் பக்கம் திரும்பினார். “யாரோட கண்டமும் பெயரல. என்னோடதும் பெயரல. இதை வீட்லயே சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு.”

மண்டபத்தில் சலசலப்பு. நாற்காலிகள் இழுபட்டன. “மோசம் பண்ணிட்டா!” என்று மாமி என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். பத்து நிமிஷத்தில் நூற்றைம்பது பேர் போய்விட்டார்கள். மாமி மட்டும் எழுந்தவள், வந்தது வந்தாயிற்று என்று திரும்ப உட்கார்ந்தாள். அண்ணி அசையவில்லை. கூப்பிய கை மடியில் விழுந்து கிடந்தது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணன் சாக்குப் பையைப் பிரித்தார். தேக்கு மரக் கழிவில் செதுக்கிய நிலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, மடகாஸ்கர், தென் துருவ நிலம், நம் நாடு. எல்லாவற்றையும் மேஜைமேல் ஒன்றாகச் சேர்த்தார். ஓரம் சில இடத்தில் சேர்ந்தது, சில இடத்தில் சேரவில்லை.

“ஓரத்தைப் பாக்காதீங்க. ஓரத்தைக் கடல் அரிச்சிருக்கும்” என்றார். பிறகு உடைந்த இரும்பையும் பாதிக் குமிழையும் சொன்னார். அந்த எலும்பைத் தூக்கிக் காட்டினார். “எங்க ஊர் ஓடையில கெடந்தது. எங்கம்மா இதைப் புடவையில முடிஞ்சு ரெண்டு ஆறு தாண்டிக் கொண்டாந்து குடுத்தாங்க” என்றார். எலும்பை மேஜைமேல் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

நிலம் ஒரே துண்டாக இருந்தபோது இந்த ஜீவன்கள் தடையில்லாமல் எங்கும் போயின. அதனால் முதல் காலத்து டைனோசர்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. நிலம் உடைந்து நடுவில் கடல் புகுந்ததும் அந்தந்தத் துண்டில் நின்றவை அந்தந்தத் துண்டோடு தங்கிவிட்டன. கிடைத்த தழையும் அடித்த வெயிலும் வேறுவேறாக, பிள்ளைகளும் பேரன்களும் மெல்ல மெல்ல மாறின. வடக்கு நிலத்தில் ஒரு மாதிரி, தெற்கு நிலத்தில் வேறு மாதிரி. நம் பக்கத்து எலும்பும் மடகாஸ்கர் எலும்பும் அச்சாக ஒன்றில்லை, ஆனால் ஒரே குடும்பத்துச் சாயல். நம் நிலம் மடகாஸ்கரையும் விட்டுப் பிரிந்து, தன் முதுகில் இருந்த ஜீவன்களையும் சுமந்துகொண்டு வடக்கே வந்தது. இதைச் சொல்லும்போது தேக்கு இந்தியாவை ஒரு விரலால் மேஜைமேல் தள்ளிக்கொண்டே போனார்.

“இதை எல்லாப் பண்டிதர்களும் ஒத்துக்கல. நான் ஒத்துக்கறேன். ஏன்னு சொல்லிட்டேன்” என்று முடித்தார். யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அண்ணி எழுந்து நின்றாள். வெளியிடத்தில் நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“நிலம் பிரியறது அதுங்களுக்குத் தெரியுமா?”

அண்ணன் திகைத்துப்போனார். “தெரியாது. வருஷத்துக்கு நாலு விரக்கடை நகருமோ என்னமோ. காலுக்கே தெரியாது.”

“அப்ப தாய் இந்தப் பக்கமும் புள்ள அந்தப் பக்கமும் மாட்டிக்கிட்டிருக்குமா?”

அண்ணன் கையில் இருந்த தேக்குத் துண்டைப் பார்த்தார்.

“இல்ல ராசாத்தி. அவ்வளவு மெதுவாப் பிரிஞ்சதுல தாயும் புள்ளையும் பிரியல. பிரியறதுக்கு ஆயிரமாயிரம் தலைமுறை ஆச்சு. ஒரு தாயும் அதோட புள்ளையைத் தண்ணிக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு நிக்கல.”

அண்ணி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். ரங்கநாயகி மாமி தன் ஜாதகக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, “இந்தப் பொண்ணு கேட்டாளே, அதுக்காகவே உக்காந்திருந்தது சரியாப் போச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே வரும்போது மணி ஆறு. வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் வெட்கத்தில் இரண்டு அடி பின்னாலேயே நடந்தேன். வீதி முனையில் திருச்சி பஸ் நின்றது. அண்ணி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். காலடி எடுத்து வைக்கவில்லை. கண்டம் பெயரவில்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும். நடுவில் காவிரி கரை தளும்பப் போய்க்கொண்டிருக்கிறது.

“பஸ் வேணாம்” என்றாள்.

“சரி. வேணாம். வீரமலை வீட்ல தங்கிக்கலாம்” என்றார் அண்ணன். உடனே சொன்னார், கொஞ்சமும் கோபமில்லாமல். “தண்ணி வடியட்டும். பத்து நாளானாலும் ஆகட்டும்.”

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அங்க மேடையில, எனக்குத் தெரியாம இருந்தா நல்லதுன்னு உங்களுக்குத் தோணலியா?”

“தோணுச்சு. நாலு நாளா அதான் தோணுச்சு.”

“பின்ன ஏன் சொன்னீங்க?”

“தப்பான வார்த்தையை வச்சுக்கிட்டு உன்னை மறுபடி எப்படித் தண்ணி மேல கூட்டிட்டுப் போறது?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெற்கே பார்த்தாள், பஸ் நிற்கிற பக்கம். பிறகு வடக்கே, கொள்ளிடம் ஓடுகிற பக்கம் பார்த்தாள். கணக்குப் போடுகிறவள் மாதிரி இரண்டு விரலை மடக்கினாள்.

“ஏங்க, இங்கேருந்து நம்ம வீட்டுக்குப் போனா ஒரு ஆறு.”

“ஆமாம்.”

“அத்தையைப் பாக்கப் போனாலும் ஒரு ஆறுதானே?”

அண்ணனுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆறரைக்கு விழுப்புரம் பாசஞ்சர் இருக்கிறது, அரியலூரில் நிற்கும் என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடி இரண்டு டிக்கெட் எடுத்தேன். மாற்றுத் துணி கிடையாது, சாப்பாடு கிடையாது. ஒரு சீப்பு வாழைப்பழமும் அந்த எலும்பும் மட்டும்தான் கையில். சாக்குப் பையில் இருந்த உலகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார்கள்.

மற்றது அண்ணன் சொல்லித் தெரியும். கொள்ளிடம் பாலத்தில் அண்ணி கண்ணை மூடவில்லையாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் தண்ணீரையே பார்த்தாளாம். நடுப்பாலத்தில் ஒரு தடவை “காத்தமுத்து” என்று கூப்பிட்டாளாம். அவ்வளவுதான்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மயிலம்மாள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அழவில்லை. பிறகு மருமகளைப் பார்த்து, “ஆத்துல தண்ணி எவ்வளவு போகுதும்மா?” என்று கேட்டார்.

“ரெண்டு கரையும் போகுது அத்தை” என்றாள் அண்ணி. “தாண்டி வந்துட்டோம்.”